மேட்டுக்கு அஞ்சு மார்க்

ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் வந்து வெறுமனே கன்னியப்பன் என்று கேட்டால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்குவார்கள். மார்க் போடுகிற கன்னியப்பன் என்று கேட்டால், பால் பூத்தில் வரிசையில் நிற்கிற பொம்பளைகள்கூடச் சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள்.

மனுஷனுக்கு டாங்கி செய்கிற பேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. செய்து வருகிற சாமானை அளவுக்கருவியில் வைத்துப் பார்ப்பார். சரியாக உட்கார்ந்தால் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு, உட்காராவிட்டால் சிவப்பில் ஒரு பொட்டு. பச்சை உள்ளே போகும், சிவப்பு குப்பைக்குப் போகும். நடுவில் ஒன்றுமே கிடையாது. வீட்டில் குழம்புக்கும் அப்படித்தான். ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு "தேறும்" என்பார், இல்லாவிட்டால் "தேறாது" என்பார். அவர் மனைவி வடிவு கல்யாணமான புதிதில் இதற்காக அழுதாளாம். பிறகு பழகிவிட்டது. "பொண்ணு பாக்க வந்தப்பவே இந்தாளு எங்க நைனா காதுல தேறும்னுதான் சொல்லிச்சு" என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எனக்கு அப்போது குவார்ட்டர்ஸ் முனையில் சைக்கிள் கடை. காற்றடிக்க வருகிறவர்கள் எல்லாம் ஒரு கதையை விட்டுவிட்டுத்தான் போவார்கள். கன்னியப்பன் கதையில் பாதி அவரே விட்டது. மீதியை வடிவு என் வீட்டுக்காரியிடம் விட்டாள்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவன் எங்கே குடியிருந்தான் என்ற கவலை இப்படிப்பட்டவருக்கு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

எண்பத்து நாலோ ஐந்தோ, ஞாபகமில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி கட்டப் பள்ளம் தோண்டும்போது ஒரு பெரிய தாழி கிடைத்தது. ஒரு ஆள் குந்திக்கொள்ளலாம். புதையல் என்று ஒரே கூட்டம். உள்ளே எலும்பும் துருப்பிடித்த கத்தியும்தான் இருந்தன. அதைப் பார்க்க வரதன் என்று ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார். வந்தவரை விடாமல் பிடித்து ரிக்ரியேஷன் கிளப்பில் பேச வைத்தார்கள். ஃபேன் ஓடும், போண்டா கொடுப்பார்கள் என்று போன கூட்டம்தான் முக்கால்வாசி. கன்னியப்பனும் அந்த முக்கால்வாசியில்தான் இருந்தார். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வரதன் சொன்னது இதுதான். தோண்டித் தோண்டிப் பார்த்து ஊரைக் கண்டுபிடிப்பது ஒரு வழி. வெளிநாட்டுக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே கிடைத்த பழைய ஊர்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்க்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், காலடியில் என்ன மண், எதிரே என்ன மண். எல்லா ஊருக்கும் பொதுவாக எது இருக்கிறதோ அதற்கு மார்க். பிறகு, யாரும் போய்ப் பார்க்காத இடங்களுக்கும் அதே மார்க்கைப் போட்டுக் கூட்டுகிறார்கள். எங்கே மார்க் அதிகமோ அங்கே பழைய குடியிருப்பு இருக்கும் வாய்ப்பும் அதிகம். "அந்தக் காலத்துக் குடியானவன் முட்டாள் இல்லை. கண்ட இடத்தில் குடிசை போட மாட்டான்" என்றார் வரதன்.

மார்க் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கன்னியப்பன் கண்ணைத் திறந்தார். போண்டாத் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார்.

"சார், அப்ப இது பூமிக்கு இன்ஸ்பெக்‌ஷன்."

சபையே சிரித்தது. வரதன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியும் சொல்லலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக மனுஷன் பத்து வருஷத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தார்.

மேப்பை வாங்கிச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினார். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும், அந்தப் பக்கம் அம்பத்தூர் ஏரி வரைக்கும் அதில் இருந்தது. வரதன் காட்டிக்கொடுத்த பழைய இடங்களைப் போய்ப் பார்த்துப் பார்த்து மார்க்கை அவரே சரி செய்தார். தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் மழைக்கு வீட்டுக்குள் வரக்கூடாது. காலடியில் கிராவல், கூப்பிடு தூரத்தில் நெல் விளைகிற களிமண். மாடு மேய ஒரு பக்கம் வெறும் நிலம். இதில் மேட்டுக்குத்தான் அதிகம், அஞ்சு மார்க். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிளில் போய் நடந்து பார்ப்பார். பழைய பானை ஓடு கிடைத்தால் சதுரத்தில் பச்சைப் பொட்டு. ஒன்றுமில்லாத பள்ளத்துக்குச் சிவப்பு.

ஒருமுறை மார்க் அதிகமான சதுரம் ஒன்று போலீஸ் கேம்ப் வேலிக்குள் இருந்தது. வேலியோரம் குனிந்து குனிந்து போனவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். "இன்னாடா தேடினே?" "ஊரு சார்." "எந்த ஊரு?" "அதான் சார் தேடினேன்." வடிவு போய் அழுது கூட்டிவந்தாள்.

அந்த நடைகளில் அளவு டேப்பின் ஒரு முனையைக் கன்னியப்பன் பிடிப்பார். இன்னொரு முனையை அவர் மச்சான் தசரதன் பிடிப்பான்.

தசரதன் வடிவின் தம்பி. தாய் இல்லாத பிள்ளை, அக்கா வளர்த்தது. கன்னியப்பன் வீட்டுச் சோற்றில்தான் மீசை முளைத்தது. தியேட்டரில் பிளாக் டிக்கெட் விற்றான், புடவை தவணைக்குக் கொடுத்தான், எதிலும் நிலைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் மாமாவுடன் போவான். வெயிலில் நின்றுகொண்டு, "மாமா, இங்க ஏன் மார்க் கம்மி? அங்க ஏன் ஜாஸ்தி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். கன்னியப்பனுக்குப் பூரித்துப்போகும். "எனக்கு ஆம்பளப் புள்ள இல்லாத கொறைய மச்சான்தான் தீத்து வெச்சான்" என்று என் கடையில் உட்கார்ந்து சொல்வார்.

தொண்ணூற்றொன்றில் நஜீர் வந்து சேர்ந்தான். பூந்தமல்லிக்காரன். அம்பத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவன், ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, ஏ.சி. ரூமில் வைத்து, செருப்பை வெளியே விடச் சொல்லிக் கோயில் மாதிரி நடத்திக்கொண்டிருந்தான். கன்னியப்பன் போட்ட மார்க்கை எல்லாம் உள்ளே ஏற்றி, சதுரத்துக்குச் சதுரம் கூட்டி, கரகரவென்று பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். மார்க் அதிகமான இடத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக வந்தது.

"அண்ணாத்தே, கள்ளிக்குப்பம் பக்கம் பாருங்க, தீபாவளி மாரி கீது" என்றான் நஜீர்.

அதுதான் கள்ளிக்குப்பத்து மேடு. ஏரிக்கு இந்தப் பக்கம் முள்ளும் பனையுமாகக் கிடந்த இடம். ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் போகமாட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பனும் தசரதனும் போனார்கள். ஒரு பக்கம் கருப்பும் ஒரு பக்கம் சிவப்புமான பானை ஓடு, இரும்பு காய்ச்சிய கசடு, சுட்ட மண்ணால் செய்த கிணற்று உறையின் விளிம்பு. கன்னியப்பன் முள்ளுக்குள் உட்கார்ந்துவிட்டார். "தேறும் மச்சான், தேறும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

வரதனிடம் சொன்னார். வரதன் வந்து பார்த்தார், அவர் முகமும் மாறிவிட்டது. "கையால தொடாதீங்க கன்னியப்பன். எது எங்க கிடக்குதோ அங்கேயே இருக்கணும். இடம் மாறினா அது வெறும் ஓடு. அனுமதி வாங்கிக்கிட்டு மாணவர்களோட வர்றேன். நாம சேர்ந்து தோண்டுவோம். உங்க மார்க்கை நான் கட்டுரையா எழுதி மாநாட்டுல படிக்கப்போறேன், உங்க பேர் போட்டு."

எடுக்கக்கூடாது என்றால், பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளம் வேண்டுமே. பேக்டரிப் பழக்கம். கன்னியப்பன் பச்சைப் பெயிண்ட் கொண்டுபோய், மேட்டில் கண்ணில் பட்ட நல்ல ஓடுகளில் எல்லாம் ஒரு பொட்டு வைத்து, கிடந்த இடத்திலேயே கிடந்தபடியே வைத்துவிட்டு வந்தார். வரதன் ஐயோ என்று தலையில் கையை வைத்தார். வைத்த பொட்டை என்ன செய்வது?

அனுமதி, அரசாங்கக் காரியம், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போனது. கன்னியப்பனுக்கு ஒரே ஆசைதான். ரிட்டயர் ஆவதற்குள் அந்த மேட்டைத் தோண்டி, தான் போட்ட மார்க் சரி என்று ஒரு படித்தவன் வாயால் கேட்டுவிட வேண்டும். வடிவுக்கும் ஒரே ஆசைதான். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். அதற்குள் சொந்தமாக ஒரு கூரை வேண்டும்.

இந்தச் சமயத்தில் மகள் சொர்ணம் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்குத் தசரதன் தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். பேண்டு வாத்தியம், தட்டுத் தட்டாகப் பழம், பட்டுப்பாவாடை, வளையல், வெள்ளிக் கொலுசு. அவன் அப்போது பிளாட் புரோக்கர். வெள்ளைச் சட்டை, அக்குளில் ஜிப் பை, ஸ்கூட்டர். தாய் இல்லாத பிள்ளை இவ்வளவு செய்கிறானே என்று வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சீர் செய்த மாமனுக்குப் பெண் வீட்டார் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும். கன்னியப்பன் வேட்டி சட்டையை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார். தசரதன் தட்டைத் தள்ளிவிட்டான்.

"வேட்டி யாருக்கு மாமா வேணும்? நான் கேக்கறத குடுப்பியா?"

"கேளு மச்சான்."

"சுவத்துல கோடு போட்டு மாட்டிகீற பாரு, அந்தப் படம். அத்த குடு."

கூடமே சிரித்தது. ஒரு கிழவி, "வெவரங் கெட்ட பையன், மோதரம் கேளுடா" என்றாள். சபையில் தாய்மாமன் வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்ல நம் பக்கத்தில் யாருக்கும் நாக்கு வராது. ஆனால் கன்னியப்பனுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தை ஒரு பொருளாக மதித்துக் கேட்ட முதல் ஆள் சொந்த மச்சான். ஆணியிலிருந்து கழற்றி, தூசு தட்டி, மாலை போடுகிற மாதிரி அவன் கையில் கொடுத்தார். நஜீரிடம் வேறொன்று பிரிண்ட் எடுத்துக்கொண்டால் போயிற்று.

கொஞ்ச நாளில் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் நோட்டீஸ். 'கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்த மனைகள். முன்னோர் வாழ்ந்த பூமி. அணுகவும் தசரதன்.' முகப்பேரில் பிளாட் கிடைக்காதவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம். கன்னியப்பன் ஒரு நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். கோபமா பெருமையா என்று முகத்தில் தெரியவில்லை.

"பாருய்யா, என் மார்க்க வெச்சி பீலா வுட்டுகினு கீறான்."

"உங்க பேரப் போடலையே அண்ணாத்தே?"

"மச்சான் பேரு போட்டா இன்னா, என் பேரு போட்டா இன்னா?" என்றார். நோட்டீஸை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்து வீட்டுமனை. தசரதன் ஒருநாள் அக்காவையும் மாமாவையும் ஆட்டோவில் ஏற்றி, தான் ஸ்கூட்டரில் முன்னால் போய், ஏரித் தண்ணீர் வழிந்தோடுகிற பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினான். கோரைப்புல், தவளை. கன்னியப்பன் இறங்கக்கூட இல்லை.

"மச்சான், இது செவப்பு. நீயே எங்கூட வந்து டேப்பு புடிச்ச எடம். தேறாது."

"இன்னாத்துக்கு தேறாது?"

"மேடு இல்ல. மேட்டுக்கு அஞ்சு மார்க். இங்க சைபரு."

தசரதன் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "மாமா, அந்தக் காலத்து ஆளு மேட்டத் தேடிகினு போனான். ஏன்? அவங்கிட்ட லாரி இல்ல. எங்கிட்ட கீது. ஒன் ஒசரத்த நான் லாரில கொண்டாந்து கொட்றேன். ஆள் ஒசரத்துக்கு ரொப்பிட்டு அப்பறம் வந்து மார்க்கு போடு. அப்ப இன்னா சொல்வே?"

கன்னியப்பன் யோசித்தார். அவர் கணக்கிலேயே அவரை மடக்கிவிட்டான். எத்தனையோ வாத்தியார்களுக்குத் தோன்றாதது இவனுக்குத் தோன்றியிருக்கிறது என்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப தேறும்டா" என்று இறங்கி வந்து அவன் முதுகில் தட்டினார். வடிவு பக்கத்தில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அது அவருக்கு அப்போது தெரியவில்லை.

அந்த உயரம் எங்கேயிருந்து வரும் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. காதில் பேனா செருகிக்கொண்டு ஆணிக்குக்கூட எந்த இரும்பு, எந்த லாட் என்று கேட்கிற மனுஷன் கேட்கவில்லை. மச்சானிடம் யார் அப்படிக் கேட்பார்கள்?

ரிட்டயர் ஆன அன்றைக்குப் பேக்டரியில் மாலை போட்டு, பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்து, ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். கொஞ்ச நாளில், தசரதன் மண் கொட்டி உயர்த்திக் கொடுத்த அந்த மனையில் கடைக்கால் பூஜை. நானும் போயிருந்தேன், ஓசி டிபன் யார் விடுவார்கள்? புதிதாகக் கொட்டிய மண் ஒரே சிவப்பாக, மேடாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வடிவு எலுமிச்சம்பழம் வைத்தாள். மேஸ்திரி கடப்பாரையை ஓங்கிப் போட்டான். பெயர்ந்த மண்ணில் ஒரு ஓடு வந்து விழுந்தது.

கன்னியப்பன் குனிந்து எடுத்தார். ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் சிவப்பு. மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் குதித்துவிட்டார்.

"வடிவு! இங்கயும் இருந்துகீறானுங்கடி! நான் செவப்பு போட்ட எடத்துல குடியிருந்துகீறானுங்க! ஏற்கெனவே அயப்பாக்கத்துப் பள்ளத்துல கெடைச்சுதே, அதே மாரி! என் மார்க்கு தப்பு, தப்பு!" என்று கத்தினார். மார்க் தப்பானதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. அயப்பாக்கத்துப் பள்ளம் அவருக்கு நெடுநாள் முள். சைபர் மார்க் இடத்தில் ஏன் ஒரு குடியிருப்பு இருந்தது என்று அவருக்கும் புரியவில்லை, வரதனுக்கும் புரியவில்லை. இப்போது அதற்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

கையால் மண்ணைத் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாக எடுத்தார். கசடு வந்தது. கிணற்று உறைத் துண்டு வந்தது. அப்புறம் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஓடு வந்தது. அதன் முதுகில் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மனுஷன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் குழியிலிருந்து ஏறி, சட்டைகூடப் போடாமல், என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐயர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "எஜமான் எங்கே?" என்று கேட்டார். தசரதன் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தான். ஸ்டார்ட் ஆகவில்லை.

கள்ளிக்குப்பத்தில் மேடு இருந்த இடத்தில் குட்டை இருந்தது. நாலு எருமை மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன. ஓரத்தில் வேரோடு சாய்ந்த ஒரு பனை, லாரிச் சக்கரத் தடம்.

நான் ஒரு வாடகை சைக்கிளில் பின்னாலேயே போனேன். தசரதனும் வந்துவிட்டான். கன்னியப்பன் குட்டையைப் பார்த்தபடியே பேசினார். சத்தம் போடவில்லை.

"வேற மண்ணே கெடைக்கலியாடா ஒனக்கு?"

"மாமா, கொஞ்சம் நான் சொல்றத..."

"ஊர்ல எத்தினி மேடு கீது."

"அல்லாத்தையும் நீதான மாமா காமிச்சே?" என்றான் தசரதன். அவனுக்கு அது திமிரான பேச்சாகவே தோன்றவில்லை. விளக்கம் சொல்கிற மாதிரிதான் சொன்னான். "பச்சைப் பொட்டு எங்க கீதோ அங்க கிராவலு. கைய வெச்சா காசு. செவப்புப் பொட்டு எங்க கீதோ அங்க சல்லிசா நெலம். அத்த வெட்டி இத்த ரொப்பணும். ஒன் படத்துல ரெண்டுமே கீது மாமா. நானா ஒண்ணும் கண்டுபுடிக்கல. இந்த மேடு கடசீலதான் வெட்னேன். ஒனக்குன்னு நல்ல மண்ணா போடணும்னுதான். வேற ஊட்டுக்கெல்லாம் வெறும் சவுடுதான் போட்டேன், சத்தியமா."

"வரதன் சார் வராருன்னு ஒனக்கு தெரியுமா தெரியாதா?"

"தெரியும். வந்து தோண்டினா கவருமெண்டு போர்டு வெச்சுடுவான். அப்பறம் ஒரு கூடை மண்ணு எடுக்க முடியாது."

கன்னியப்பன் தலையை ஆட்டினார். பேக்டரியில் சாமான் ஏன் அளவு தப்பியது என்று ஆள் காரணம் சொல்லும்போது ஆட்டுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்தார். அங்கேதான் மீதி பாக்கி இருந்தது. வடிவு விளக்கேற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இதை அவளே என் வீட்டுக்காரியிடம் சொன்னாள், அதனால் நான் கூட்டிச் சொல்லவில்லை.

"ஒனக்கும் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மஞ்ச தண்ணிக்கு முன்னாலேர்ந்து. படத்த கேக்கச் சொன்னதே நான்தான். சபைல கேட்டா நீ இல்லன்னு சொல்லமாட்டேன்னு தெரியும். அவன் எனக்கு பாதி வெலைல வூட்டு மன தரேன்னான்."

கன்னியப்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வடிவு எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் நிற்காமல் பேசினாள்.

"நீ செத்தவன் எங்க ஊடு கட்டினான்னு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தேடிகினு போனே. உசுரோட கீற எனக்கு எவன்யா தேடுவான்? குவாட்டர்ஸ் சாவிய குடுன்னு வந்து நிப்பானே, அப்ப ஒன் மேட்டுல போயி குந்திக்கவா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் மனுஷனைச் சாய்த்துவிட்டது. மச்சான் மேல் கையை ஓங்கலாம், பெண்டாட்டி சொன்ன நியாயத்தின் மேல் எதை ஓங்குவது? தம்ளரை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தாராம். அவள் கையால் வைத்த சாப்பாட்டைத் "தேறும்" என்றோ "தேறாது" என்றோ அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை. எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். "ஒரு நாளு தேறாதுன்னு சொன்னாகூட கோயிலுக்கு கூழு ஊத்துவேன் அக்கா" என்று வடிவு என் வீட்டுக்காரியிடம் அழுதிருக்கிறாள்.

வீடு கட்டாமல் இருக்க முடியாது. காசெல்லாம் அதில்தான் இருந்தது. கட்டினார்கள், குடிபோனார்கள்.

பொங்கல் முடிந்து வரதன் வந்தார். கையில் அனுமதிக் கடிதம், பின்னால் தொப்பி போட்ட மாணவர்கள், ஒரு வேன். கன்னியப்பன் அவர்களைக் கள்ளிக்குப்பத்துக் குட்டைக் கரையில் நிறுத்தினார். ஒரு மாணவன் மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சார், தப்பான இடத்துக்கு வந்துட்டோம்" என்றான்.

"சரியான எடந்தாம்பா" என்றார் கன்னியப்பன்.

வரதன் எருமைகளைப் பார்த்தார். "மண் எங்க போச்சுன்னு தெரியுமா?"

"தெரியும் சார். வாங்க, காபி சாப்டுட்டு போலாம்."

வேனைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தார். வடிவு எல்லாருக்கும் காபி கொடுத்தாள். மாணவர்கள் வாசலிலும் கொல்லையிலும் குனிந்து குனிந்து ஓடு பொறுக்கினார்கள். அத்தனையும் அருமையான ஓடுகள். அதில் பாதி ஓடுகளில் பச்சைப் பொட்டு. வரதன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது கன்னியப்பன். எதுக்கு மேல எது கிடந்ததுங்கறதே போயிடுச்சு. உங்க மார்க் சரியா தப்பான்னு நான் எழுதவும் முடியாது" என்றார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அயப்பாக்கத்துல சைபரு மார்க்கு பள்ளத்துல ஆளு இருந்தானே, ஏன்னு நீங்க ரொம்ப நாளு ரோசன பண்ணீங்களே."

"ஆமா. இன்னும் புரியல."

கன்னியப்பன் உள்ளே போய் மார்க் போடுகிற காகிதத்தைக் கொண்டுவந்தார். தண்ணீர், மேடு, மண், மேய்ச்சல் என்று வரிசையாகத் தலைப்பு போட்டிருந்தது. கடைசியில் இன்னொரு கோடு இழுத்து, புதிதாக ஒரு தலைப்பு எழுதியிருந்தார். மச்சான்.

வரதன் வாய்விட்டுச் சிரித்தார். மாணவர்களுக்கும் காட்டினார், அவர்களும் சிரித்தார்கள். கன்னியப்பன் சிரிக்கவில்லை.

"இதுக்கு எத்தினி மார்க்குன்னு தெரியல சார். அதான் உட்டு வெச்சிகீறேன். ஆனா இத்த போடாம எந்தக் கணக்கும் வராது. அந்தாளும் முட்டாளு இல்ல சார். மேடு அவனுக்கும் தெரிஞ்சிருக்கும். அவன் வூட்டு மனுசனே எவனோ கையப் புடிச்சி இட்டாந்து, இங்க இருன்னு சொல்லிகீறான். இருந்துட்டான்."

அந்தக் காகிதத்தை வரதன் மடித்து எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் என்ன செய்தார் என்று தெரியாது.

அந்த வருஷமே பெரிய மழை. ஏரி நிரம்பி வழிந்து, பழைய வழியிலேயே வந்தது. கொட்டின மண் ஒரு பக்கம் உட்கார்ந்து, கூடத்துத் தரை வெடித்தது. கட்டிலைச் செங்கல் மேல் தூக்கிவைத்து வடிவும் சொர்ணமும் ஏறி உட்கார்ந்தார்கள். கன்னியப்பன் முழங்கால் தண்ணீரில் நின்று சாமான்களை எடுத்து மேலே வைத்துக்கொண்டிருந்தார். சுவரோரம் மண் கரைந்து, ஓடுகள் மிதப்பில் உருண்டு வந்து காலில் தட்டின. ஒன்றைக்கூட அவர் குனிந்து எடுக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் தசரதன் வந்தான். சும்மா சொல்லக்கூடாது, அரிசி மூட்டை, மண்ணெண்ணெய், போர்வை எல்லாம் கொண்டுவந்தான். வெடித்த தரையைத் தானே சரி செய்து தருவதாகச் சொன்னான். அக்காள் புருஷன் நாலு அறை அறைவார், வாங்கிக்கொள்ளலாம், அதோடு தீர்ந்துவிடும் என்று எண்ணிக்கொண்டுதான் வந்தானாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சின்னப் பையன் மாதிரி நின்றான்.

கன்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார், பேக்டரியில் பெரிய ஆபீசர் வந்தால் எழுந்து நிற்கிற மாதிரி.

"வாங்க. உக்காருங்க. வடிவு, சாருக்கு தண்ணி குடு."

தசரதன் உட்காரவில்லை. அரிசி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு என் கடை வரைக்கும் நடந்தே வந்தான். ஸ்கூட்டரை அங்கேயே மறந்துவிட்டான். ஸ்டூலில் உட்கார்ந்து, ஜிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கடை வாசல் என்றும் பாராமல் அழுதான்.

"அடிச்சிருந்தா பரவால்ல அண்ணாத்தே. என்னிய போயி வாங்கன்றாரு."